பாதரசனின் இரண்டாம் பாகம்

கூரியரில் வந்த பொட்டலத்தைப் பிரித்ததும் முதலில் மோந்துதான் பார்த்தேன். நாம் இருவரும் எந்தப் புத்தகத்தையும் அப்படித்தானே தொடங்குவோம். நமக்குத் தெரிந்த வாசம் இதில் இல்லை. சாணித்தாளும் அச்சு மையும் கலந்து, லேசாக மண்ணெண்ணெய் போல அடிக்குமே, அது இல்லை. வழவழப்பான தாள், கெட்டி அட்டை, புதிதாகப் பெயிண்ட் அடித்த பீரோவைத் திறந்தது மாதிரி ஒரு நெடி. அட்டையில் நம் காமிக்ஸ் ஹீரோ பாதரசன் நின்றுகொண்டிருந்தான். அவன் காலடியில் பொடி எழுத்தில், இரண்டு பாகங்களும் ஒரே தொகுப்பாக என்று போட்டிருந்தது.

அதற்குப் பிறகு எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டேன். முதல் பாகம் மனப்பாடம், அதை வேகமாகத் தள்ளினேன். இரண்டாம் பாகத்தை ஆற அமரப் படித்தேன். முடித்துவிட்டுத் திரும்பவும் படித்தேன். எங்காவது தாள் விடுபட்டிருக்கிறதா என்று பக்க எண்களை ஒவ்வொன்றாகச் சரிபார்த்தேன். எல்லாம் ஒழுங்காகத்தான் இருந்தது. நீ சொன்ன காட்சி மட்டும் இல்லை.

துறைமுகத்துப் படிக்கட்டு இல்லை. மருந்துப் புட்டியைக் கடலில் கவிழ்க்கிற கட்டம் இல்லை. "எந்தப் பாத்திரத்தில் ஊற்றினாலும் அதன் வடிவம் எடுக்கிறேன். என் வடிவம் எதுவென்று பார்த்துவிட்டு வருகிறேன்" என்ற வசனம் எந்த மூலையிலும் இல்லை. இந்தப் புத்தகத்தில் அவன் மருந்தைக் குடித்துச் சாதாரண மனிதனாகி, கல்யாணம் செய்துகொண்டு, சுபமாக முடிகிறான். ஏட்டி, அந்தக் காட்சி எங்கே போயிற்று?

முன்னுரையை நான் எப்போதும் கடைசியில்தான் படிப்பேன், கதையை உடைத்துவிடுவார்கள் என்று பயம். அதில் பதிப்பாளர் எழுதியிருந்தார். அந்தக் காலத்தில் முதல் பாகம் மட்டுமே வந்ததாம். ஏதோ உரிமைச் சிக்கலில் இரண்டாம் பாகம் வெளிவராமலே நின்றுவிட்டதாம். தமிழில் இதுதான் முதல்முறையாம். அந்த வரியை விரல் வைத்துப் படித்தேன். தமிழில் வராத புத்தகத்தை நீ எப்படிப் படித்தாய், எப்படி எனக்குக் கதை சொன்னாய்?

காமிக்ஸ் வாசகர்களின் வாட்ஸப் குழு ஒன்றில் நான் இருக்கிறேன். உன்னையும் சேர்க்கிறேன் என்றதற்கு, "போன்ல என்னத்த பேசுவானுக, புஸ்தகத்தக் கையில வச்சுக்கிட்டுச் சண்ட போட்டாத்தான் சண்ட" என்றாயே, அதே குழுதான். அவசரப்பட்டு அங்கே என் கருத்தைப் போட்டுவிட்டேன். வண்ணம் தூக்கல், கணினி எழுத்தில் உயிரில்லை, கையெழுத்து வசனத்தில் கோபக்காரன் பேசினால் எழுத்தே கோணிக்கொண்டு நிற்கும், இதில் எல்லோரும் ஒரே குரலில் பேசுகிறார்கள் என்று எழுதி, கடைசியில் துறைமுகக் காட்சியை ஏன் வெட்டினார்கள் என்று கேட்டேன். உடனே ஒருவர், "மேடம், அப்படி ஒரு காட்சி ஒரிஜினல்லயே கிடையாது" என்றார். இன்னொருவர், "வேற ஏதோ கதையோட சேத்துட்டீங்க போல மேடம், வயசானா வர்றதுதான்" என்று சிரிக்கிற பொம்மை ஒன்றைப் போட்டார். எனக்குச் சுர்ரென்று ஏறியது. ஆனால் பதில் எழுதவில்லை. உள்ளுக்குள் ஒரு பயம். உண்மையிலேயே எனக்குத்தான் புத்தி பிசகிவிட்டதோ?

அது வெறும் கதையாக இருந்தால் போகட்டும் என்று விட்டுவிடுவேன். அந்தக் காட்சியை நம்பித்தான் நான் காக்கி உடுத்தினேன். என் வாழ்க்கையே திரும்பிய இடம் அது. அதனால் முதலிலிருந்து வரிசையாகப் போட்டுப் பார்க்கிறேன். போலீஸ் வேலையில் ஊறிய புத்தி, குழப்பம் வந்தால் ஆதியிலிருந்து வாக்குமூலம் எடுக்கத்தான் தெரியும்.

ராஜபாளையத்து மில்லில், நூலைச் சிட்டம் சிட்டமாகச் சுற்றுகிற ரீலிங் பிரிவில் உனக்கும் எனக்கும் அடுத்தடுத்த மெஷின். நான் உள்ளூர். நீ ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து காலை டவுன் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு வருவாய். ஒரு நாள் உன் சாப்பாட்டுப் பையில் தூக்குவாளிக்கும் துண்டுக்கும் நடுவே ஒரு காமிக்ஸ் எட்டிப் பார்த்தது. முகமூடிக் கொள்ளைக்காரன் கதை. நான் சும்மா இருக்கமாட்டாமல், "அது படிச்சாச்சு, டாக்டர்தான் முகமூடிக்காரன்" என்று சொல்லித் தொலைத்தேன். நீ என்னை முறைத்த முறைப்பில் நூல் அறுந்துபோயிருக்கும். மத்தியானம் வரை பேச்சே இல்லை. சாப்பாட்டு மணி அடித்த பிறகு பக்கத்தில் வந்து உட்கார்ந்தாய்.

"அது மொதப் பக்கத்துலயே தெரிஞ்சுபோச்சு. ஆஸ்பத்திரியில எந்த டாக்டராவது சிரிச்சுக்கிட்டே இருப்பானா?"

அன்றைக்குத் தொடங்கியதுதான். மற்றப் பெண்கள் வாரப் பத்திரிகைத் தொடர்கதையைக் கிழித்துத் தைத்து வைத்துப் படிப்பார்கள். நம்மைப் பார்த்து, "கல்யாண வயசுல ரெண்டும் பொம்மப் புஸ்தகம் படிக்குதுக" என்று கேலி. நமக்கென்ன. மாதம் பிறந்தால் உன் ஊர் பஸ் ஸ்டாண்டுக் கடையிலும் என் ஊர் பஸ் ஸ்டாண்டுக் கடையிலும் கயிற்றில் கிளிப் போட்டுத் தொங்கவிடுவார்கள். யாருக்கு முதலில் கிடைக்கிறதோ அவள் வாங்க வேண்டும், மற்றவள் படித்து முடிக்கிறவரை வாயைத் திறக்கக் கூடாது. படித்ததும் சைக்கிள் ஸ்டாண்டு ஓரம் உட்கார்ந்து கருத்துச் சொல்ல வேண்டும். சொன்ன கருத்தைப் பிறகு மாற்றக் கூடாது. இது நாமே போட்டுக்கொண்ட சட்டம்.

உன் கருத்துகளை இன்றைக்கு நினைத்தாலும் சிரிப்பு வருகிறது. எந்த ஹீரோ வந்தாலும் நீ பார்க்கிற முதல் விஷயம், புத்தகத்தில் எங்காவது அவன் சாப்பிடுகிறானா என்பது. "மலைய ஏறுதான், முதலையோட மல்லுக்கட்டுதான், ஒரு வா சோறு திங்கல. பொறவு எங்கிருந்துட்டி தெம்பு வருது?" என்பாய். சாப்பிடாத ஹீரோ உன் கணக்கில் ஆளே இல்லை. ஆகாயக் கப்பல் கதை வந்தபோது நான் ஓவியத்தைப் பார்த்துச் சொக்கிப்போய்க் கிடந்தேன். நீயோ, "அம்புட்டுப் பேரு கப்பல்ல இருக்காக, எவனாவது ஒருத்தன் சட்டை தொவைக்கானா பாரு" என்றாய். மின்னல் வேகத்தில் ஓடுகிற ஒருவன் புதிதாக வந்தான். ஊரே அவன் பின்னால் ஓடியது. "ஓடுதான், சரி. எதுக்கு ஓடுதான்னு அவனுக்கே தெரியல" என்று ஒரே போடாகப் போட்டாய். வில்லன் பக்கம் பக்கமாகத் தன் சதியை விளக்கினால், நம் மேஸ்திரியாக இருந்தால் இவனுக்கு அரை நாள் சம்பளம் போயிருக்கும் என்பாய். எனக்குக் கதையில் வேகம் வேண்டும், ஓவியத்தில் நிழல் விழ வேண்டும். உனக்கு ஆள் ஆளாக இருக்க வேண்டும். இருவரும் ஒத்துப்போன ஒரே புத்தகம் பாதரசன்தான்.

ஏதோ ஒரு வெளிநாட்டுத் துறைமுகத்தில் கணக்கு எழுதுகிற ஆள். தொழிற்சாலை விபத்தில் மாட்டி உடம்பே பாதரசமாகிவிடுகிறது. நினைத்தால் உருகி ஓடுவான், கதவிடுக்கில் நுழைவான், மறுபடி கூடி எழுந்து நிற்பான். மற்ற சூப்பர் ஹீரோக்களுக்குச் சக்தி வந்தால் மார்பைத் தட்டுவார்கள். இவன் பயந்தான். அது நமக்குப் பிடித்தது. ரொட்டிக்கடை வைத்திருக்கிற ஒரு பெண் மட்டும் இவனைப் பார்த்துப் பயப்படவில்லை. முதல் பாகத்தின் கடைசிக் கட்டத்தில் வில்லன் இவனை ஒரு கண்ணாடி ஜாடியில் பிடித்து மூடிவிடுகிறான். ஜாடிக்குள் இரண்டு கண்கள் மட்டும் தெரியும். தொடரும் என்று போட்டுவிட்டார்கள்.

அந்தத் தொடருமுக்காக நாம் காத்துக் கிடந்த கிடை எனக்குத்தான் தெரியும். விரைவில் என்று சில மாதம் விளம்பரம் வந்தது. பிறகு விளம்பரமும் நின்றது. நீ கடைக்காரரிடம் தினம் கேட்டுக் கேட்டு, உன் தலையைக் கண்டாலே அவர், "வரலம்மா, வரல" என்று கையை ஆட்ட ஆரம்பித்துவிட்டார்.

அந்தச் சமயத்தில்தான் என் வீட்டில் இரண்டு காரியம் ஒன்றாக வந்தன. போலீஸில் ஏட்டாக இருந்த மாமா சொல்லி நான் காவலர் தேர்வுக்குப் போயிருந்தேன், ஞாபகமிருக்கிறதா. உயரம் அளந்தார்கள், ஓடவிட்டார்கள், எழுதச் சொன்னார்கள். வேலைக்கு எடுத்துக்கொண்டதாக ஆர்டர் வந்துவிட்டது. அதே வாரம் வன்னியம்பட்டியிலிருந்து ஒரு மாப்பிள்ளை வீட்டார். தோட்டம் துரவு, நல்ல மனிதர்கள், பையனும் குறைசொல்ல முடியாதவன். அம்மா ஒரேயடியாக, "போலீசுக்குப் போனா எவம்மா உன்னக் கட்டுவான்" என்று அழுகை. எனக்கு உள்ளூர ஆசை காக்கி மேல். ஆனால் பயமும் கூடவே இருந்தது. சென்னைப் பக்கம் பயிற்சி, முன்பின் தெரியாத ஊர்கள். உன்னிடம்தான் கேட்டேன்.

"எனக்கு ஒண்ணும் ஓடலட்டி. நீ என்ன சொல்லுத?"

நீ யோசிக்கவே இல்லை. "வன்னியம்பட்டிய முடி. பக்கத்துலதான் இருப்ப. புஸ்தகம் வந்தா நான் சைக்கிள மிதிச்சுக்கிட்டு வந்துருவேன். மெட்ராசுக்குப் போயி நீ என்ன பண்ணப்போற, ஊருக்கெல்லாம் சல்யூட் அடிச்சுக்கிட்டு."

உன் வாயால் சொன்னது இதுதான். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. நான் போகக் கூடாது என்றுதான் சொன்னாய்.

சில நாள் கழித்து நீ மூச்சிரைக்க வந்தாய். பாதரசன் இரண்டாம் பாகம் வந்துவிட்டதாம், கடைக்கு ஒரே ஒரு பிரதிதான் வந்ததாம். நீ படித்து முடித்த கையோடு, பட்டாளத்தில் இருக்கிற உன் தம்பி லீவு முடிந்து போகையில் ரயிலில் படிக்கப் பெட்டியில் போட்டுக்கொண்டு போய்விட்டானாம். எனக்கு அழுகையே வந்துவிட்டது. "அழாதட்டி, கட்டம் கட்டமா ஞாபகம் இருக்கு, சொல்லுதேன்" என்றாய்.

சொன்னாய். ஒரு வாரம் போல, சாப்பாட்டு நேரம் முழுக்கச் சொன்னாய். மேல் கட்டத்தில் ஜாடி, கீழே வலது மூலையில் எலி, எலி ஓடி ஜாடியைத் தட்டிவிடுகிறது, சிலீர் என்று பெரிய எழுத்து. விரலால் காற்றில் கட்டம் போட்டுக் காட்டினாய். "இந்த எடத்துல அச்சு மங்கிப்போச்சு, வில்லன் மூஞ்சி சரியாத் தெரியல" என்றுகூடச் சொன்னாய். அந்த மங்கலை நான் அப்படியே நம்பினேன். பாதரசன் படகுத்துறையில் உட்கார்ந்து டீயில் பன்னைத் தோய்த்துச் சாப்பிடுகிறான் என்றபோதாவது நான் விழித்திருக்க வேண்டும். எந்தப் புத்தகத்திலும் எவனும் சாப்பிட்டதில்லையே.

கடைசியாக ஒரு விஞ்ஞானி அவனிடம் மருந்துப் புட்டியைக் கொடுக்கிறார். அவன் அதைக் குடித்து, பழையபடி மனிதனாகி, ரொட்டிக்கடைக்காரியைக் கட்டிக்கொள்கிறான் என்று முடித்தாய். எனக்கு மனசு நிறைந்துபோனது. நெஞ்சில் கிடந்த பாரம் இறங்கின மாதிரி இருந்தது.

"பாத்தியாட்டி, அம்புட்டு சக்தி இருக்கவனே சாதாரணமா இருந்தாப் போதும்னுட்டான். நானும் வீட்டுல சரின்னு சொல்லிருதேன். அந்த ஆர்டரக் கிழிச்சுப் போட்டுருதேன்" என்றேன்.

அதற்குள் மில் சங்கு ஊதியது. எழுந்து போய் மெஷினில் நின்றுகொண்டாய். அன்று சாயங்காலம் பஸ்ஸுக்குப் போகும்போதுகூட நீ பேசவில்லை.

மறுநாள் வழக்கத்துக்கு முந்தின பஸ்ஸில் வந்து மில் வாசலிலேயே என்னைப் பிடித்தாய். முகம் வெளிறிக் கிடந்தது. "நேத்துக் கதைய தப்பாச் சொல்லிட்டேன். கடைசியில ரெண்டு பக்கம் வெட்டாம ஒட்டிக்கிட்டு இருந்துச்சு. அதப் பிரிச்சா வேற மாதிரி முடியுது" என்றாய். அந்தக் காலத்துப் புத்தகங்களில் அது சகஜம். ஓரம் சரியாக வெட்டுப்படாமல் தாள் மடிந்தபடியே வரும், பிளேடால் கீறித்தான் பிரிக்க வேண்டும். அதனால் நான் ஆச்சரியப்படவில்லை. அன்று மத்தியானம் அந்தத் துறைமுகக் காட்சியைச் சொன்னாய். அவன் புட்டியைத் திறக்கிறான், குடிக்கப் போகிறான், நின்றுவிடுகிறான். மருந்தைக் கடலில் கவிழ்க்கிறான். அந்த வசனத்தைச் சொல்கிறான். கப்பலில் ஏறுகிறான்.

அன்று சாயங்காலம் மில் விட்டதும் வீட்டுக்குப் போய் அம்மாவிடம், எனக்கு இந்தக் கல்யாணம் வேண்டாம், நான் போலீசுக்குப் போகிறேன் என்று சொன்னேன். என் வாழ்நாளில் அம்மா முகத்தைப் பார்த்து நான் வேண்டாம் என்று சொன்னது அதுதான் முதல் தடவை. எங்கிருந்து அந்தத் தைரியம் வந்தது என்று அம்மா கடைசி வரை கேட்டுக்கொண்டிருந்தாள். பாதரசன் கொடுத்தான் என்று எப்படிச் சொல்ல முடியும்.

பதிப்பகத்துக்கு ஒரு போஸ்ட் கார்டும் எழுதினேன். இரண்டாம் பாகத்தின் துறைமுகக் காட்சிக்காக உங்கள் கையைப் பிடித்து நன்றி சொல்ல வேண்டும் என்று. தபாலில் போடச் சொல்லி உன்னிடம்தான் கொடுத்தேன். நீயும் வாங்கிப் பையில் வைத்துக்கொண்டாய். அதைப் போட்டாயா, கிழித்தாயா? போட்டிருந்தால், வெளியிடாத புத்தகத்துக்கு வந்த பாராட்டைப் பார்த்து அந்த மனிதர் என்ன நினைத்திருப்பார்?

நான் முடிவு செய்துவிட்டேன் என்று உன்னிடம் சொன்னபோது நீ சந்தோஷப்படுவாய் என்று எதிர்பார்த்தேன். "ம்" என்றாய். அவ்வளவுதான். அதன் பிறகு நீ என்னோடு சரியாகப் பேசவே இல்லை. சாப்பாட்டுக்கு வேறு பெண்களோடு போய் உட்கார்ந்தாய். நான் பக்கத்தில் வந்தால் எழுந்து போனாய். நான் கிளம்புகிற நாளை நாலு பேர் முன்னால் உன்னிடம் சொன்னேன். மதுரை பஸ் ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டில் நின்றுதான் போகும், அங்கே வந்துவிடு என்றேன். நீ வரவில்லை. பஸ் ஸ்டாண்டுக்கும் உன் வீட்டுக்கும் எம்புட்டு தூரம்? கூப்பிட்டால் கேட்கிற தூரம். அந்த வலி எனக்குப் பல வருஷம் ஆறவில்லை.

பயிற்சியிலிருந்து கடிதம் போட்டேன், பதில் இல்லை. மறுபடி போட்டேன், இல்லை. பிறகு நானும் ரோஷத்தில் விட்டுவிட்டேன். உனக்குக் கல்யாணம் ஆனதையே வேறு யாரோ சொல்லித்தான் தெரிந்துகொண்டேன்.

தொண்ணூறுகளில் ஓர் ஆடிப்பூரத் தேருக்கு எனக்கு ஸ்ரீவில்லிபுத்தூரில் பந்தோபஸ்து. ரத வீதியில் கயிறு கட்டி, விசிலடித்து, கூட்டத்தை ஒதுக்கித் தொண்டை கட்டிப்போய் நிற்கிறேன். கூட்டத்திலிருந்து ஒரு குரல், "ஏட்டி போலீசு, தொப்பி கோணலா இருக்கு." திரும்பினால் நீ. இடுப்பில் ஒரு பிள்ளை, கையில் ஒரு பிள்ளை. என் கை தானாகத் தொப்பியைச் சரிசெய்தது. பிறகு நீ ஒன்றுமே நடக்காதது மாதிரி, இப்போது வருகிற காமிக்ஸில் எல்லாம் ஹீரோக்கள் தோள் மட்டும் வளர்ந்து தலை சிறுத்துப்போனதாகக் கருத்துச் சொல்ல ஆரம்பித்துவிட்டாய்.

"அன்னைக்கு பஸ் ஸ்டாண்டுக்கு ஏன் வரல?" என்றேன்.

"எனக்கு ஷிப்டு இருந்துச்சு."

"பாதரசன் ரெண்டாம் பாகம் தம்பிட்ட இருக்கா?"

"அவன் அத எந்த ஸ்டேசன்ல விட்டானோ. கதை உனக்கு ஞாபகம் இருக்குல்ல, அது போதும்" என்றாய். என் தோள்பட்டைப் பட்டையை ஒரு விரலால் தொட்டுப் பார்த்தாய். தேர் நகர்ந்தது, கூட்டம் தள்ளியது, நான் விசிலை எடுத்துக்கொண்டு ஓடினேன். அதற்குப் பிறகு நம் பழக்கம் பழையபடி ஒட்டிக்கொண்டது. புத்தகம் வந்தால் தபாலில், பிறகு போனில், கருத்தும் சண்டையும்தான். ஆனால் அந்த நாளைப் பற்றி நீயும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை.

நீ கண்ணை மூடிவிட்ட பிறகு யாரிடம் கேட்பேன்? போன வாரம் உன் தம்பி வீட்டுக்குப் போனேன். பட்டாளத்திலிருந்து வந்து, மம்சாபுரம் போகிற சாலையில் வீடு கட்டியிருக்கிறார். காபி கொடுத்தார். புத்தகத்தைக் காட்டி, நீங்கள் இதை ரயிலில் கொண்டுபோனீர்களா என்று கேட்டேன். அவருக்கு ஒன்றும் புரியவில்லை.

"அக்கா புஸ்தகத்த நான் தொட்டா கைய ஒடிச்சிருவா. அதுவுமில்லாம நீங்க போலீசுக்குப் போன வருசம் நான் லீவுக்கே வரலயே. லடாக்ல கெடந்தேன்." பிறகு கொஞ்சம் யோசித்துவிட்டு, "நீங்க ஊரவிட்டுப் போன அன்னைக்கு அக்கா வேலைக்குப் போகலயாம், கதவச் சாத்திக்கிட்டு வீட்டுக்குள்ளயே கெடந்துச்சாம். எங்கம்மா காயிதத்துல எழுதச் சொல்லியிருந்துச்சு. காய்ச்சலான்னு கேட்டதுக்கு இல்லைன்னுச்சாம்" என்றார்.

ஆக, ஷிப்டும் பொய். தம்பி கொண்டுபோனதும் பொய். புத்தகமே பொய். எத்தனையோ கள்ளர்களை உட்கார வைத்து, சொன்னதையே திருப்பிச் சொல்ல வைத்து ஓட்டையைக் கண்டுபிடித்தவள் நான். புத்தகம் தம்பியோடு ரயிலேறிப் போன பிறகு, ஒட்டியிருந்த பக்கத்தை நீ எப்படிப் பிரித்தாய்? இந்தச் சின்னக் கேள்வி இவ்வளவு காலம் எனக்குத் தோன்றவே இல்லையே. உன் பேச்சு என்றால் நான் விசாரிக்கவே மாட்டேன் போலிருக்கிறது.

முதல் நாள் நீ சொன்ன முடிவு இந்தப் புதுத் தொகுப்பில் இருக்கிற முடிவேதான். அதுதான் என்னை இன்னும் குழப்புகிறது. நீ படிக்காமலே அது எப்படிப் பொருந்தியது? எல்லாக் கதையும் அப்படித்தான் முடியும் என்று நீ குத்துமதிப்பாகச் சொல்லியிருப்பாய். அதைக் கேட்டு ஆர்டரைக் கிழிக்கிறேன் என்றதும், ஓர் இரவில் முடிவை மாற்றிவிட்டாய். வாயால் போகாதே என்றவள் நீ. கதையால் போ என்றவளும் நீ. போனதும் முகத்தைத் திருப்பிக்கொண்டவளும் நீயே. இதில் நான் எந்த ஆளை நம்ப? என்னை அனுப்ப ஆசைப்பட்டாயா, அனுப்பிவிட்டு ஆத்திரப்பட்டாயா? உன்மேல் எனக்குக் கோபமாக வருகிறது. அழுகையாகவும் வருகிறது. எது முதலில் என்று எனக்கே பிடிபடவில்லை.

இதையெல்லாம் எழுதிக்கொண்டு வந்தபோதுதான் அந்த இரண்டாவது முடிவில் நான் விட்டுவிட்ட ஒரு கட்டம் ஞாபகம் வந்தது. வசனத்தில் மயங்கி, அதை நான் யாரிடமும் சொன்னதே இல்லை. கப்பல் கிளம்புகிறது. பாதரசன் மேல்தளத்தில் நின்று கரையைப் பார்க்கிறான். ஊரே கையசைக்கிறது. ரொட்டிக்கடைக்காரியைக் காணோம்.

"அவ எங்கட்டி?" என்றேன்.

"கடையில இருக்கா. உள்ள தாப்பாளப் போட்டுக்கிட்டு மாவு பெசையுதா. அதுதான் கடைசிக் கட்டம்."

"கப்பலு கெளம்புறது அவளுக்குத் தெரியும்ல?"

"தெரியும்."

"இது என்ன கிறுக்குத்தனம். அம்புட்டுப் பிரியம் வச்சிருக்கவ, ஒரு எட்டு வந்து கையக் காட்டினா என்ன?"

நீ தூக்குவாளியை மூடிக்கொண்டே சொன்னாய். "வந்தா அவன் எறங்கிருவாம்ட்டி."

நான் அங்கேயே கருத்துச் சொன்னேன். புத்தகம் முழுக்கப் பிரமாதம், இந்தக் கட்டம் மட்டும் தேறாது, எந்தப் பொம்பளையும் இப்படிச் செய்யமாட்டாள் என்று. நீ எப்போதும்போல மல்லுக்கு நிற்பாய் என்று பார்த்தேன். நிற்கவில்லை.

சொன்ன கருத்தை மாற்றக் கூடாது என்பது நம் சட்டம். இன்று நான் மீறுகிறேன். அந்தக் கட்டம் சரியாகத்தான் இருக்கிறது. அன்றைக்கு உன் ஊர் பஸ் ஸ்டாண்டில் பஸ் நின்ற நேரம் முழுக்க நான் பெட்டியைக் கீழே வைக்காமல் மடியிலேயே வைத்துக்கொண்டு வெளியே பார்த்துக்கொண்டிருந்தேன். நீ வந்திருந்தால் நான் இறங்கியிருப்பேன்.